வேரின் கொடுக்கல் வாங்கல்



தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலை வெளுத்துப்போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இன்னொரு பிடி உரம் போடுகிறோம். பல வீடுகளில் செடி வாடத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

உரம் போட்டால் வேர் உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். வேரோ கொடுத்துத்தான் வாங்குகிறது.

பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற சத்துகள் களிமண் துகள்களிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அவை துகளின்மேல் போய் ஒட்டிக்கொள்ள, அங்கே இருந்த சத்து விடுபட்டு மண்ணின் ஈரத்தில் கலக்கிறது. வேர்த்தூவிகள் அதை எடுத்துக்கொள்கின்றன.

இது போக, இலைகள் வெயிலில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கையும் வேர் மண்ணுக்குள் விடுகிறது. பாக்டீரியாக்கள் அதில் பெருகுகின்றன. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளுக்கும் செடி சர்க்கரை கொடுக்கிறது. பதிலுக்கு அவை, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகின்றன. இந்த உறவுக்கு 'மைக்கோரைசா' என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க்.

அமெரிக்கத் தாவரவியலாளர் டிட்மர், நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேரை அலசி அளந்து, 1937-ல் கணக்கை வெளியிட்டார். வேர்த்தூவிகள் மட்டும் சுமார் 1,400 கோடி! எப்போது படித்தாலும் மலைப்பாக இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான இடத்தில் யூரியாவைக் கைநிறையக் கொட்டினால் என்ன ஆகும்? மண் ஈரத்தில் உப்பு கூடி, வேருக்குள் இருக்கும் நீரே வெளியே இழுபடும். தண்ணீரை அளவில்லாமல் ஊற்றினாலும் ஆபத்துதான்; மண்ணுக்குள் காற்றுக்கு இடமிருக்காது. சத்தை உள்ளே இழுக்க வேருக்குச் சக்தி வேண்டும், அதற்குக் காற்று வேண்டும்.

கறிவேப்பிலைக்கே வருவோம். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடுதான். மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. கடினமான போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண்ணில் காரத்தன்மை ஏறும். அந்த மண்ணில் இரும்பு எளிதில் கரையாது. கரையாததை வேர் எப்படி எடுக்கும்? புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றும் நம் வீட்டுப் பழக்கத்தில், காரத்துக்குப் புளிப்பு என்ற கணக்கு இருக்கிறது.

ஆகவே, உரப்பையைப் பிரிக்கும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்களேன். சொதசொதவென்று இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். இறுகிக் கிடந்தால், வேர் அறுபடாமல் மேல்மண்ணை லேசாகக் கிளறி, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பிடி சேருங்கள். நர்சரிச் செடியைத் தொட்டி மாற்றும்போது வேரை உதறி அலசாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணோடு, வெயில் தாழ்ந்ததும் நடுங்கள். வேர்த்தூவிகள் அந்த மண்ணைப் பற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.