பள்ளியா, பல்லியா?

நம் வீட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். நாமும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

தமிழை வேறு எழுத்தில் எழுதுவது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த காயல்பட்டினத்திலும், கீழக்கரையிலும் அரபுத் தமிழ் செழித்திருந்தது. அரபியில் இல்லாத ட, ப, ள போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துத் தனி எழுத்துகளையே உண்டாக்கினார்கள் நம் முன்னோர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) 'மகானி' என்ற ஃபிக்ஹு நூலை அதில்தான் எழுதினார். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பெண்கள், குர்ஆன் ஓதப் படித்த அதே எழுத்தில் தொழுகை, நோன்புச் சட்டங்களையும் படித்தார்கள்.

அந்த எழுத்து போய்விட்டது. பரணில் கிடக்கும் கிதாபை எடுத்தால், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வரி ஓடாது. ஆனால் அப்போது கைமாறு இருந்தது. தமிழ் எழுத்தில் மார்க்க நூல்கள் வந்தன. அப்துல் ஹமீது பாகவி ஹஜ்ரத்தின் குர்ஆன் தர்ஜமா வீடுகளுக்கு வந்தது.

இப்போது வந்திருக்கும் கைபேசித் தமிழுக்கு விதியும் இல்லை, கிதாபும் இல்லை. அதை மட்டும் பழகிய பிள்ளைக்கு அந்தத் தர்ஜமாவும் நாளை பரண் பொருள்தான். 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வுப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம்.

"யூடியூபில் பயான் கேட்கிறார்களே" என்று பெற்றோர் சொல்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் கேட்பவர் பேசுபவரின் வேகத்துக்கே ஓட வேண்டும். வாசிப்பவர் நின்று, முந்தைய பக்கத்தைப் புரட்டி, "இந்த ஹதீஸ் எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்கலாம். ஆதாரமில்லாத செய்திகள் குழுவுக்குக் குழு பறப்பதற்கு அந்தக் கேள்வி இல்லாததும் ஒரு காரணம்.

மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி என்று நம் ஊர்களில் மக்தபுகளுக்குக் குறைவில்லை. ஓதல் முடிந்தபின் பத்து நிமிடம், ஒரு பிள்ளை தமிழில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் பிழை சொல்லட்டும். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டை நாவில் ஏற்ற நாள்கணக்கில் பாடுபடும் உஸ்தாதுகளுக்கு ல, ள, ழ பெரிய வேலையல்ல.