பழக்கம் என்னும் பழி

"நல்ல பழக்கங்களைக் கடைப்பிடித்தால் புழுத்தொல்லை அண்டாது" என்று முடியும் சுகாதாரக் கட்டுரைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம். கேட்க இதமான இந்த வாக்கியம் ஓர் அநீதி என்பதே என் கட்சி.

இதை யோசிக்க வைத்தவர் ஒரு மாணவி. கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்து விலங்கியல் படிப்பவர். ஒட்டுண்ணியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், தமிழ் வகுப்புக்கு எழுதிய கட்டுரையில், தம் அன்றாடப் பழக்கங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்திருந்தார். செருப்பு, கைகழுவுதல், கொதிக்கவைத்த நீர், கழிப்பறை. "இவற்றில் எது என் பழக்கம், எது எனக்கு வாய்த்தது?" என்பது அவர் கேள்வி.

கொக்கிப்புழுவையே எடுத்துக்கொள்வோம். மலத்துடன் மண்ணில் விழும் அதன் முட்டை, ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிகிறது. அடுத்த சில நாட்களில் இளம்புழு தோலைத் துளைக்கும் வலிமை பெறுகிறது. வெறுங்காலில் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. 'வெறுங்காலுடன் நடக்கும் பழக்கமே காரணம்' என்று பாடம் இங்கே முடிந்துவிடும். பாடம் கேட்காததை அந்த மாணவி கேட்டிருந்தார்: காலை முதல் மாலை வரை சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, எட்டும் தொலைவில் கழிப்பறை உண்டா?

குடிநீர், கழிப்பறை, வீடு, மருத்துவம் ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதியது. சட்டம் கடமை என்றதை நாம் பழக்கம் என்கிறோம். கடமை என்றால் கேள்வி நிர்வாகத்தை நோக்கிப் போகும். பழக்கம் என்றால் கொழுந்து பறிப்பவளை நோக்கித் திரும்பும். ஒரு சொல்லை மாற்றியதில் குற்றவாளியே மாறிவிடுகிறாள்.

இந்தப் பழிச்சொல் எல்லோர்மீதும் விழுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 1897இல் ஊட்டிக்கு வந்த ரொனால்ட் ராஸ், சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயப் போய், தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு வந்த காய்ச்சலை அவருடைய கெட்ட பழக்கத்தின் விளைவு என்று எவரேனும் சொன்னதுண்டா? துரைக்கு வந்தால் அது தியாகம். கூலிக்கு வந்தால் பழக்கம்!

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையும் அன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்று தூற்றினார்கள். கொக்கிப்புழு உண்டாக்கிய இரத்தசோகைதான் அவர்களைச் சாய்த்திருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. அப்போதும் பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் சூட்டின. 1909இல் ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய இயக்கம் மருந்தோடு கழிப்பிடங்களையும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

செருப்பு வேண்டாம், கைகழுவ வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 2015 முதல் நம் பள்ளிகளில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். மண்ணில் காத்திருப்பதைக் கொல்லாது. தனிமனிதத் தூய்மைக்கும் எல்லை உண்டு. பன்றி இறைச்சியைத் தொட்டறியாதவர் மூளையிலும் பன்றி நாடாப்புழுவின் கட்டி தோன்றலாம். ஏனெனில் அதன் முட்டை வருவது மனித மலத்திலிருந்து. ஆசாரம் பிசகாதவரின் மூளையும், எங்கோ ஒருவருக்குக் கழிப்பறை இருக்கிறதா என்பதைச் சார்ந்தே இருக்கிறது.

தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், ஆனைமலைத் தோட்ட வாழ்வை 'ரெட் டீ' என்னும் நாவலாக எழுதினார். 1969இல் வெளிவந்த அது, தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. மருத்துவர் ஒருவர் நாவல் எழுதினார் என்றால், நோய்க்குறிப்பேட்டில் இடமில்லாத காரணங்கள் அவரிடம் இருந்தன என்றுதான் பொருள்.

இலக்கியம் படிக்கும் நமக்குச் சொல்லே தொழில். 'பழக்கம்' என்று எழுதுமுன், அதை மாற்றிக்கொள்ளும் வசதி அம்மனிதருக்கு இருந்ததா என்று ஒருமுறை கேட்போம். இல்லை என்றால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'மறுக்கப்பட்டது' என்று எழுதுவோம். யார் மறுத்தார் என்பதையும் சேர்த்து.