குழந்தையொடு கூடி ஓவியம் வரைதல்

இளங்குழந்தைகட்குக் கண்ணாடித் திரையைக் காட்டுதல் தகுமா என்னும் வினா இன்று கற்றோர் இல்லங்களிலெல்லாம் எழுகின்றது. தகாதென்பார் பக்கல் வலிமை மிக உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், ஓராண்டு நிரம்பாதார்க்குத் திரை வேண்டவே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தின் மேற்படலாகாது, குறையுந்தோறும் நன்று என்றும் கூறியுள்ளது. இதனை யாம் மறுக்க வந்தேமல்லேம். ஆயின் அந்த ஒரு மணிக்குள்ளேயே, குழந்தை தனித்திருந்து திரையை வாய்பார்த்தல் வேறு. பெரியோர் ஒருவருடன் அமர்ந்து அத்திரையில் விரலாற் கோடிடுதல் வேறு. பின்னதைச் செய்யலாம் என்பதே எம் கருத்து; செய்யும் முறையிலே தான் இடர் உளது.

இதனை யாம் எம் பிழையினாற் கற்றோம். எம் தமக்கையார் மகளுக்கு வயது இரண்டரை. சென்ற விடுமுறையில் ஒரு மாலை அவளை மடியில் இருத்தி, டேப்லெட்டில் இருவருமாக யானை ஒன்று வரைந்துகொண்டிருந்தோம். யானை உருப்பெற்று வருங்கால், அவள் சிவந்த கோடு ஒன்றை அதன் கண்ணின் குறுக்கே இழுத்தனள். யாம் சிறிதும் எண்ணாது, செய்ததை இல்லையாக்கும் 'அண்டூ' பொத்தானைத் தொட்டு அக்கோட்டைப் போக்கிவிட்டுக் காதை வரைந்தோம். குழந்தை அழவில்லை, பலகையைத் தூக்கி அதன் பின்புறத்தே தன் கோட்டைத் தேடினள். போக்கியதை மீட்கும் பொத்தானும் உண்டு. ஆயின் இடையே புதுக்கோடு ஒன்று இட்டுவிட்டால் அது பயன்படாது. காதோ முன்னரே வரையப்பட்டுவிட்டது. பின்னர் அவள் எம் விரலைப் பிடித்துத் திரைமேல் வைத்து, "மாமா, நீ போடு" என்றனள். அன்று அவள் மீண்டும் கோடிட்டிலள்.

கிறுக்கல் தானே, போனால் என்ன என்பார் உளர். சான்பிரான்சிஸ்கோ நகரத்து மழலைப் பள்ளிகளிற் பணிபுரிந்த ரோடா கெல்லாக் என்னும் அம்மையார், சிறார் வரைந்த படங்களை மிகப் பெருந்தொகையாகத் திரட்டி ஆராய்ந்து, 1969-இல் வெளியிட்ட நூலில் கிறுக்கல்களுள் 20 அடிப்படை வகைகளை வகுத்துக் காட்டினார். புள்ளி, குத்துக்கோடு, கிடைக்கோடு, சுழி என்பன அவற்றுட் சில. வட்டமும் முகமும் மனிதவுருவும் இவற்றினின்றே பையப் பைய எழுகின்றன. ஆகவே யாம் துடைத்தது பிழையன்று, ஒரு படி.

கருவியின் குணங்களையும் அறிதல் வேண்டும். தொடுதிரை விரற்றோலின் மின்னியல்பை உணர்வது. நகம் மட்டும் பட்டால் உணராது. குழந்தை அகங்கையை முழுதும் பதித்தாலோ, பல விரல்கள் பட்டனவென்று கொண்டு படத்தைப் பெருக்கியும் திருப்பியும் விடும். மெழுகுக்கோலைத் தாளில் அழுத்துங்கால் கைக்கு எட்டும் உராய்வு கண்ணாடியில் இல்லை. ஆதலின் இதனைத் தாளுக்கு மாற்றாகக் கொள்ளற்க. தாளுக்கில்லாத ஒரு நலம் இதற்குண்டு. 'லேயர்' என்னும் அடுக்குகளுள் ஒன்றில் குழந்தையின் கோடுகளையும் மற்றொன்றில் நம் கோடுகளையும் இட்டால், ஒன்றையொன்று கெடுக்கா. அன்று இதனை நினைந்தோமில்லை! விரலாற் கண்ணாடியில் தீட்டுவது ஓவியமாகுமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவாம்: டேவிட் ஹாக்னி என்னும் ஆங்கில ஓவியர் எழுபது வயது கடந்தபின்னர் ஐபோனிலும், 2010-இல் ஐபேட் வெளிவந்தபின் அதிலும் படங்கள் வரைந்து காட்சிக்கு வைத்தார்.

திருத்தாவிடின் கற்பிப்பது எங்ஙனம் என்று ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மை வினவினார். பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத்துப் பயின்ற பிள்ளைகளை நினைமின். மணலிலும் அழித்தல் உண்டு; ஆயின் எழுதிய கையே மணலைத் துடைத்தது, துடைப்பதைக் கண்ணும் கண்டது. பொத்தானோ பிறர் விரலால், கண்ணிமைக்குமுன், சுவடின்றிப் போக்கிவிடுகின்றது. குழந்தை தானே அதனைத் தொட்டு அழித்து மகிழுமாயின் யாம் தடுப்போமல்லேம்.

இப்பொழுது அவள் கோட்டின்மேல் எம் விரல் செல்வதில்லை. அவள் மெல்ல மெல்ல மீண்டும் வரையத் தொடங்கியுள்ளாள், பெரும்பாலும் சுழிகள். அந்த யானையும் பலகையில் இன்னும் இருக்கின்றது. அதனைக் காணுந்தோறும் "மாமா யானை" என்கின்றனளேயன்றி, ஒருநாளேனும் "என் யானை" என்றிலள்.