இடித்தால் போதுமா?

"பூல் பந்த் ஆஹே."

பாலம் மூடப்பட்டிருக்கிறது என்று மராத்தியில் எழுதிய இந்தத் தகரப் பலகையைப் பார்க்காத தமிழர் மும்பையில் இருக்க முடியாது. காலையில் அரக்கப் பரக்க ஓடி வருகிறோம். நேற்று வரை ஏறி இறங்கிய படிக்கட்டின் வாயில் குறுக்கே இரண்டு மூங்கில் கழிகள் கட்டியிருக்கின்றன. பக்கத்தில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பாலம் பழுதடைந்துவிட்டது, ஆகையால் மூடியிருக்கிறது என்று பலகை சொல்கிறது. நல்லது. ஆனால் புதிய பாலம் எப்போது வரும், அதுவரை ஜனங்கள் எந்த வழியாகப் போவது என்ற இரண்டு விவரங்கள் மட்டும் எந்தப் பலகையிலும் இருப்பதில்லை.

அபாயமான பாலத்தை மூடுவதையோ இடிப்பதையோ நாம் குறை கூறவில்லை. மூடாமல் விட்டதற்கு இந்த நகரம் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும்.

2019 மார்ச் 14-ந் தேதி வியாழக்கிழமை. மாலை 7.30 மணி இருக்கும். சத்ரபதி சிவாஜி மகராஜ் ரெயில் முனையத்தை, அதாவது நம்மவர்கள் இன்றும் வி.டி. என்றே சொல்லும் நிலையத்தை, டி.என். சாலையின் எதிர்ப்புறத்தோடு இணைத்த 'ஹிமாலயா' நடைபாலத்தின் தளம் பெயர்ந்து சாலையில் விழுந்தது. இரும்புச் சட்டம் அப்படியே நிற்க, ஜனங்கள் நடந்த கான்கிரீட் பலகை மட்டும் கீழே போய்விட்டது. 7 பேர் மாண்டார்கள். சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களில் மூவர் அருகிலுள்ள ஜி.டி. மருத்துவமனையின் நர்சுகள், இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த நேரத்தில் கீழே சிவப்பு விளக்கு எரிந்ததால் வண்டிகள் தள்ளி நின்றிருந்தன. இல்லாவிட்டால் சாவு எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும் என்று பார்த்தவர்கள் அப்போது கூறினார்கள்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலும் சென்னை மெயிலிலும் வந்து இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தப் பாலத்தில் ஏறிய தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குப் போகும் குமாஸ்தாக்களுக்கும் பியூன்களுக்கும் அது தினசரி வழி.

விபத்தைவிட நம்மை அதிகம் திகைக்க வைத்தவை இரண்டு. முதலாவது, அந்தப் பாலம் சோதனை செய்யப்படாத பாலம் அல்ல. 2016-ம் ஆண்டு ஆகஸ்டில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, மும்பைப் பாலங்களை எல்லாம் பரிசோதிக்க மாநகராட்சி ஏற்பாடு செய்தது. ஹிமாலயா பாலம் நல்ல நிலையில் இருக்கிறது, சிறு பழுதுகளைப் பார்த்தால் போதும் என்று 2018-ல் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் காகிதத்துக்கு ஆயுள் ஓராண்டுகூட இல்லை.

கடற்கரை நகரத்தில் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் பாலத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது. காற்றில் உப்பு. நான்கு மாதம் விடாத மழை. கான்கிரீட்டில் உள்ள மயிரிழை விரிசல் வழியாக நீர் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகிறது. துரு ஏறிய இரும்பு பருக்கும். பருத்தால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே புது வர்ணம் பூசி, மேலே புது ஓடு பதித்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குப் பாலம் புதுமாப்பிள்ளை போலத்தான் இருக்கும். பழைய ஓட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய ஓட்டைப் பதித்தால் பாரமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது, இடிபாடுகளை அள்ளி முடிப்பதற்குள் "அந்தப் பாலம் எங்களுடையது அல்ல" என்ற குரல் இரு பக்கமும் கேட்டது. ரெயில்வே, மாநகராட்சியைக் காட்டியது. மாநகராட்சி, ரெயில்வேயைக் காட்டியது. கடைசியில் பொறுப்பு மாநகராட்சியுடையது என்று ஆயிற்று. நேற்று வரை லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்த பாலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதையே விழுந்த பிறகுதான் தேட வேண்டியிருந்தது!

அதன் பிறகு? புதிய பாலம் திறந்தது 2023 மார்ச் இறுதியில். நான்கு ஆண்டுகள். துருப்பிடிக்காத எஃகில் கட்டியிருக்கிறார்கள். அந்த மட்டில் பாராட்டுகிறோம். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் கூட்டம் எங்கே போயிற்று? கொஞ்சம் சுரங்கப் பாதைக்கு. மீதி, பஸ்களுக்கும் டாக்சிகளுக்கும் நடுவே புகுந்து டி.என். சாலையைக் கடந்தது. இதே காலத்தில், 2021-ல், புலாபாய் தேசாய் சாலையில் 240 கார்களை இயந்திரமே தூக்கி வைக்கும் 21 மாடி வாகன நிறுத்தம் திறக்கப்பட்டது. பொது வாகன நிறுத்த மாடி கட்டித் தரும் கட்டிடக்காரர்களுக்குக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் சலுகை தர விதியும் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் மீது நமக்குப் பொறாமை இல்லை. கார் நிற்க 21 மாடி எழுப்பத் தெரிந்த நகரத்துக்கு, ஆள் நடக்க ஒரு மாடி எழுப்ப நான்கு ஆண்டுகள் ஏன் என்றுதான் கேட்கிறோம்.

முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. 2017 செப்டம்பர் 29-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். அன்றைய எல்பின்ஸ்டன் ரோடு, இன்றைய பிரபாதேவி நிலையம். மில்கள் போய் அலுவலகங்கள் வந்தன; கூட்டம் பல மடங்கு பெருகியது; படிக்கட்டு மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில் காலை பத்தரை மணி சுமாருக்கு நெரிசல் ஏற்பட்டு 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பாலம் விழவில்லை. குறுகலாக இருந்ததே அதன் அபாயம். அக்டோபர் கடைசியில் ராணுவத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 27-ல் புதிய நடைபாலம் திறந்தாயிற்று. கரி ரோடிலும் அம்பிவிலியிலும்கூட ராணுவமே பாலம் போட்டுக் கொடுத்தது. ஒரு நடைபாலத்துக்கு ராணுவத்தைக் கூப்பிட வேண்டுமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மனம் வைத்தால் நான்கு மாதத்தில் முடியும் என்பது அன்று நிரூபணமாகிவிட்டது.

மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே இருந்த ஹான்காக் பாலம் சாட்சி. பழைய பாலம், ரெயில் பாதைக்கு மேலே உயரமும் போதவில்லை. 2016 ஜனவரியில் எடுத்தார்கள். எடுத்தது சரியே. ஆனால் நடந்து போகிறவர்களுக்கு மாற்று வழி செய்யாமல் எடுத்தார்கள். பள்ளிக் குழந்தைகள் முதற்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். உயிர்ப் பலிகள் நேர்ந்தன. தற்காலிக நடைபாலம் கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். புதிய பாலத்தின் ஒரு பகுதி திறந்தது 2022 ஆகஸ்டில். ஆறரை ஆண்டுகள்! பாலத்தில் இருந்த அபாயம் பாலத்தோடு போகவில்லை. மேலே இருந்தது கீழே, தண்டவாளத்துக்கு வந்துவிட்டது.

மஸ்ஜித் பந்தர் பக்கம் மூட்டை இறக்கும் தொழிலாளர்களுக்குக் கர்னாக் பாலத்தைத் தெரியாமல் இராது. 1868-ல் கட்டியது. 2022 நவம்பர் 19, 20 தேதிகளில் 27 மணி நேரம் ரெயில்களை நிறுத்தி அதை வெட்டி எடுத்தார்கள். இரவு பகலாக நின்று வேலை செய்த ரெயில்வே சிப்பந்திகளின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கழற்ற 27 மணி நேரம்; மாட்ட இரண்டு ஆண்டு எட்டு மாதம். 'சிந்தூர்' என்ற புதுப் பெயரோடு 2025 ஜூலை 10-ல்தான் பாலம் திறந்தது. பி. டிமெலோ சாலைக்குப் போகிற கைவண்டிக்காரர் அத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் போனார். சுற்றிய தூரத்துக்கு அவருக்குக் கூலி உண்டா?

அந்தேரி கோகலே பாலத்தின் கதை வேறு விதம். 2018 ஜூலை 3-ந் தேதி காலை அதன் நடைபாதைப் பகுதி தண்டவாளத்தின் மேல் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரெயிலின் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டதால் பெரும் விபத்து தவிர்ந்தது. மீதிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடினார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு பக்கத்தைத் திறந்தபோது, பக்கத்திலுள்ள பர்ஃபிவாலா மேம்பாலத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய ஆளுயர வித்தியாசம்! ஒன்றோடு ஒன்று சேர வேண்டிய இரண்டு பாலங்கள், இரண்டு இலாகாக்களைப் போலவே, ஒன்றை ஒன்று பார்க்காமல் நின்றன. பிறகு அந்த மேம்பாலத்தைத் தூக்கிச் சேர்த்தார்கள்.

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாதைக்கு மேலே வேலை செய்ய வேண்டுமானால் கடைசி ரெயில் போன பிறகு முதல் ரெயில் வருவதற்குள் கிடைக்கும் சொற்ப நேரம்தான். மின்கம்பியை நிறுத்த வேண்டும். தண்ணீர்க் குழாய், டெலிபோன் கேபிள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வரைபடம் இந்த இலாகாவிலிருந்து அந்த இலாகாவுக்குப் போய்த் திருத்தத்தோடு திரும்பி வர வேண்டும். ஒரு கடிதம் மேஜைக்கு மேஜை நகர எத்தனை நாளாகும் என்பது நம் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்கள் உட்கார்ந்திருப்பதே அந்த மேஜைகளில்தான். ஆனால் இந்தக் கடிதப் போக்குவரத்தை எல்லாம் பாலம் நிற்கும்போதே முடித்துக்கொள்ளக் கூடாதா? வரைபடமும் டெண்டரும் பணமும் தயாரான பிறகு இடிக்கலாம். உடனே மூடியே தீர வேண்டிய ஆபத்து என்றால், மூடுகிற வாரத்திலேயே தற்காலிக இரும்பு நடைபாலம் போட வேண்டும். வாகனம் சுற்றிப் போகலாம்; பெட்ரோல் செலவோடு போகிறது. தலையில் சுமையும் இடுப்பில் குழந்தையுமாக நடப்பவரைச் சுற்றிப் போகச் சொன்னால் அவர் தண்டவாளத்தில்தான் இறங்குவார்.

இன்னொரு யோசனை. ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு ரெயில் பெட்டியின் கோடியிலும், எந்தப் பட்டறையில் எந்தத் தேதியில் முழுச் சோதனை முடிந்தது, மறுபடி எப்போது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்று வர்ணத்தில் எழுதியிருக்கும். தேதி தாண்டினால் கேள்வி வரும். தீயணைக்கும் குப்பியில்கூட மருந்து நிரப்பிய தேதி உண்டு. ஜனங்கள் நடக்கிற பாலத்துக்கு மட்டும் ஏன் இல்லை? ஒவ்வொரு நடைபாலத்தின் இரு முனையிலும் ஒரு பலகை வேண்டும். பாலம் யாருடையது, எந்த ஆண்டு கட்டியது, கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்த பொறியாளரின் பதவி, அடுத்த சோதனை எப்போது என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதி வைக்கட்டும். நம்மவர்கள் படித்துக்கொள்வார்கள். செலவு ஒரு தகரமும் ஒரு டப்பா வர்ணமும்தான். கையெழுத்துப் போடுகிறவர் தம் பதவி தெருவில் தெரியும் என்று நினைத்தால், பாலத்துக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். இதில் ரெயில்வேக்கும் விலக்குக் கூடாது.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பரேலையும் பிரபாதேவியையும் இணைத்த, நூறு வயதைத் தாண்டிய எல்பின்ஸ்டன் சாலைப் பாலம் 2025 செப்டம்பர் 12-ந் தேதி இரவு மூடப்பட்டது. அதன் இடத்தில் ஈரடுக்குப் பாலம் கட்டத் திட்டம். கே.இ.எம்., டாடா நினைவு மருத்துவமனை இரண்டும் பரேல் பக்கம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து நோயாளியை அழைத்து வந்து உறவினர் வீட்டில் தங்கி, தினம் மருத்துவமனைக்கு நடக்கிற குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்கு மிச்சம் இருப்பது ரெயில்வே நடைபாலம். வேலை முடிகிற வரை அதன் மேல் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. 23 பேரைப் பலி கொடுத்த அதே நிலையத்தில், நெரிசல் நேரத்தில் ஏறுவோரையும் இறங்குவோரையும் பிரித்து விடப் போலீசார் நிற்க வேண்டும். நடைபாலத்தில் சரக்கு வைக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. முடிக்கும் தேதியைப் பலகையில் எழுதி, தாமதமானால் காரணத்தையும் அதே பலகையில் எழுத வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினம் நடக்கிற பாலத்தில் கம்பி வெளியே தெரிந்தாலோ, காரை உதிர்ந்தாலோ, தளம் அதிர்ந்தாலோ பேசாமல் போய்விட வேண்டாம். மாநகராட்சிக்கு 1916, ரெயில்வேக்கு 139 என்ற எண்களில் சொல்லலாம். யாருடைய பாலம் என்று தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். எந்த நிலையம், எந்தப் படிக்கட்டு, எத்தனையாவது தூணுக்குப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கித் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.