ஹார்ட் டிஸ்குக்கு விசிறி வீசுகிறவர்களுக்கு...

சித்திரை வெயில் ஆரம்பித்தாலே நம் மக்களுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைத் தொட்டுப் பார்ப்பது, "மச்சி, சுடுதுடா" என்று பதறுவது, உடனே ஓடிப்போய் அதற்கு ஒரு குட்டி ஃபேன் வாங்குவது. லேப்டாப்புக்கு வைக்கும் கூலிங் பேட் மேல் டிஸ்கைப் படுக்க வைத்து, தாலாட்டு பாடாத குறையாகப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. கேட்டால், "சூடு கம்மியா இருந்தா ரொம்ப வருஷம் உழைக்கும்" என்று பதில் வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் பையில் போட்டுக்கொண்டு அலையும் டிஸ்குக்கு ஃபேன் தண்டச் செலவு. செலவுகூடப் பரவாயில்லை. ஃபேன் வைத்தாயிற்று என்ற நிம்மதியில், செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுகிறோமே, அதுதான் ஆபத்து.

முதலில் இந்தச் சூட்டின் கதையைப் பார்ப்போம். 2.5 அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, யூ.எஸ்.பி ஒயரில் வரும் மின்சாரம்தான் சாப்பாடு. யூ.எஸ்.பி 2.0 தரப்படி அது அதிகபட்சம் 2.5 வாட், 3.0 என்றால் 4.5 வாட். அத்தனையும் வெப்பமாக மாறினாலும் ஒரு சின்ன எல்.இ.டி பல்பு அளவுதான். கைக்குச் சுடுகிறதே என்றால், 45 டிகிரியில் இருக்கும் எந்தப் பொருளும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். டிஸ்குக்கு அது சாதாரண நாள். பெரும்பாலான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளரே 60 டிகிரி வரை அனுமதி கொடுத்திருக்கிறார்.

சரி, சூட்டுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லையா? இதைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறாக, குளிர்ச்சியாக ஓடிய டிஸ்குகள்தான் அதிகம் செத்திருந்தன! மிக அதிகச் சூட்டிலும், மூன்று வருடம் தாண்டிய கிழ டிஸ்குகளிலும்தான் சூடு பாதித்தது தெரிந்தது. 2014-ல் பேக்பிளேஸ் நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான டிஸ்குகளின் கணக்கைப் பார்த்தபோதும், ஒன்றிரண்டு மாடல்களைத் தவிர, சூட்டுக்கும் சாவுக்கும் தொடர்பு தென்படவில்லை.

எதிர்த்தரப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2011-ல் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர்களில் நடந்த ஆய்வு, சூடு ஏற ஏறப் பழுதும் ஏறுகிறது என்றது. ஃபேன் கட்சிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் 2016-ல் ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களை வைத்து மைக்ரோசாஃப்ட் ஆட்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, சூட்டைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய வில்லன் என்று முடித்தது. கெடுவது பெரும்பாலும் டிஸ்கின் கன்ட்ரோலர் பகுதி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருந்துகொண்டு ஃபேன் வைத்தால் அந்தக் கடற்காற்றையும் தூசியையும்தான் அது எடுத்து வீசும். ஃபேன் ஈரத்தைக் காய வைக்காது சாமி.

"அதெல்லாம் ஏசி ரூம், நம்ம ஊரு 40 டிகிரி" என்று சிலர் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அறை 38 டிகிரியில் இருந்தால் ஃபேன் வீசுவதும் அதே 38 டிகிரி காற்றைத்தான். அதுவும் துவாரமே இல்லாத பிளாஸ்டிக் டப்பாவுக்கு வெளியே! சந்தேகம் இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு வெப்பத்தைப் பாருங்கள். 55-ஐத் தாண்டினால், மெத்தை மேலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் டிஸ்கை எடுத்து மேசையில் வையுங்கள். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். காசு செலவில்லாத கூலிங் இது.

உண்மையில் நம் டிஸ்குகளைக் கொல்வது எது? சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே விழுவது. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்குவது. ஆடிப்போன ஒயர். உள்ளே தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஒரே யூ.எஸ்.பி ஹப்பில் ஃபேனையும் டிஸ்கையும் செருகி, இருக்கிற கொஞ்சம் மின்சாரத்தையும் பங்கு போடுகிறவர்களை என்ன சொல்ல?

இன்னொரு கணக்கு. 2007-லேயே கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, டிஸ்குகளை மாற்ற வேண்டிவரும் வேகத்தை நிஜ உலகில் அளந்தது. விவரத்தாள்படி வருடத்துக்கு 1 சதவீதத்துக்கும் கீழ். நிஜத்தில் சாதாரணமாக 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 வரை. அவை பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களின் டிஸ்குகள். அதே 2-4 சதவீதத்தை நமக்கு வைத்துக்கொண்டாலும், 50 பேர் வகுப்பில் ஆளுக்கொரு டிஸ்க் என்றால் வருடத்துக்கு ஒருவரோ இருவரோ அழுவார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வருமா? கூகிள் கணக்கில், செத்த டிஸ்குகளில் 56 சதவீதம் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது... அவ்வளவுதான்.

அப்படிப் போகும்போது கூடவே போவது டிஸ்கின் விலை மட்டும் இல்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட் போகும். அக்கா கல்யாண போட்டோ போகும். இறந்துபோன தாத்தாவின் குரல் இருக்கும் ஒரே வீடியோ போகும். டேட்டா ரெக்கவரிக்காரர்கள் கேட்கும் தொகையில் புது டிஸ்குகள் பல வாங்கலாம், கொடுத்தாலும் திரும்ப வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

அதனால் ஃபேனுக்கு ஒதுக்கிய காசை இரண்டாவது டிஸ்குக்கான உண்டியலில் போடுங்கள். அதுவரைக்கும் முக்கியமானதை மட்டுமாவது ஒரு பென் டிரைவிலோ கூகிள் டிரைவிலோ இன்னொரு காப்பி போட்டு வையுங்கள். முடிந்தால் அந்தக் காப்பி வேறு வீட்டில் இருக்கட்டும். நம் பொருள் பிழைக்க வேண்டுமென்றால் அது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் ஜில்லென்று இருந்து பிரயோஜனமில்லை.

ஃபேன் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேக்கப் எடுங்கள். காற்று வரும் :-)

பி.கு.: ஒரே பெட்டிக்குள் இரண்டு, நான்கு 3.5 அங்குல டிஸ்குகளை அடுக்கி 24 மணி நேரமும் ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஃபேன் தேவைதான். அந்தப் பெட்டிகள் பலவற்றில் அது உள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் பேக்கப் அவர்களுக்கும்தான் வேண்டும்!