மனச்சாட்சியின் பேரால்

பொதுஜனங்களுக்கு ஊழியம் செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகின்ற டாக்டர், நர்சு, மனநல ஆலோசகர், சமூகநல அதிகாரி ஆகியவர்களில் சிலர், தங்கள் முன் வந்து நிற்பவருக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டு, "என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை" என்று சொல்லிக்கொள்வது ஒரு பெரிய யோக்கியதையாகக் கருதப்பட்டு வருகின்றது. இந்த மனச்சாட்சி யாரைக் கண்டால் விழித்துக்கொள்கின்றது, யாரைக் கண்டால் தூங்கிவிடுகின்றது என்பதைத் தோழர்கள் சற்று கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

கலியாணமாகாத ஒரு பெண் கர்ப்பமாகி, அதைக் கலைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆஸ்பத்திரிக்குப் போகின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவளைக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அவள் உடம்பைப் பற்றியதாக இருப்பதில்லை. "கலியாணமாயிற்றா? புருஷன் எங்கே? அப்பாவையாவது கூட்டிக்கொண்டு வா" என்பதுதான். கலியாணமான பெண்ணானால் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். இந்தக் கையெழுத்து எந்தச் சட்டத்தில் இருக்கின்றது? 1971-ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டத்தில், 18 வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள பெண்ணுக்கு அவளுடைய சொந்த சம்மதமே போதும் என்று இருக்கின்றதேயொழிய, புருஷனைப் பற்றியோ தகப்பனைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கிடையாது. கலியாணமாகாத பெண்ணுக்கும் கலியாணமான பெண்ணுக்கும் இதில் பேதம் பாராட்டக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளையெல்லாம் டாக்டர்கள் கேட்கிறார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டியிருக்கின்றார்கள்.

அப்படியிருந்தும் கேட்கின்றார்கள் என்றால், கேட்பது சட்டமல்ல. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வைதீகம். இதனால் அவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனால் திரும்பிப் போகின்ற பெண்ணுக்கோ நாட்கள் ஓடுகின்றன. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். அதற்குமேல் 24 வாரம் வரை சட்டம் குறிப்பிட்ட சிலருக்கு மாத்திரம், அதுவும் இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால்தான். கெடு தாண்டிவிட்டால் அவள் எந்தக் கைமருந்துக்காரியைத் தேடிப் போவாள், போனவள் உயிரோடு திரும்புவாளா என்று அந்த மனச்சாட்சி ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

இதே வைத்தியத் தொழிலில் உள்ளவர்கள்தானே கருவிலிருப்பது பெண் என்று காட்டிக் கொடுத்துப் பணம் சம்பாதித்தார்கள்? அதைத் தடுக்க 1994-இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்ததே, அப்போது இந்த மனச்சாட்சி எங்கே போயிருந்தது? பணம் வருகின்ற வாசலில் அது காவல் நிற்பதில்லைபோலும்!

நிற்க, இதற்கு நேர் விரோதமான ஒரு சங்கதியும் நம் சென்னையிலேயே நடந்திருக்கின்றது. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், தாங்கள் ஒருவரையொருவர் நேசிப்பதாகவும், பெற்றோருக்கும் போலீசுக்கும் பயந்து சென்னைக்கு வந்துவிட்டதாகவும் சொல்லி, பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர், இந்த விஷயம் தமக்கே சரியாக விளங்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி, விளங்காமல் தீர்ப்பெழுதுவது சரியல்ல என்று, ஒரு மனநல நிபுணரிடம் தாமே போய் மாணாக்கனைப்போல் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு ஜூன் 7-இல் உத்தரவு பிறப்பித்தார். ஒருபால் நேசத்தை நோயென்று சொல்லி "மாற்றுகிறேன்" என்று வைத்தியம் செய்வதே கூடாது; செய்கிறவர்களின் லைசென்சைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மறு வருஷமே தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட வைத்தியத்தைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே ஒருபால் நேசத்தை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்து 31 வருஷம் கழித்தும் ஒரு நீதிபதி உத்தரவு போட வேண்டியிருந்ததென்றால், இடைப்பட்ட காலமெல்லாம் சில டாக்டர்கள் படித்த புஸ்தகத்தைக்கொண்டு வைத்தியம் செய்யாமல் பாட்டி சொன்னதைக்கொண்டு வைத்தியம் செய்தார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த நீதிபதிக்கு இருந்ததும் அதே சமூகம் கொடுத்த எண்ணந்தான். ஆனால் தம் எண்ணத்தை வந்தவர் தலையில் கட்டாமல், அதையே விசாரணைக்கு நிறுத்தினார். தமக்குத் தெரியாது என்று சொல்ல ஐகோர்ட்டு நீதிபதிக்கு வெட்கமில்லை. நம் தாலுகா ஆஸ்பத்திரிக் கனவான்களுக்குத்தான் வெட்கமாயிருக்கின்றது.

"அப்படியானால் ஒருவன் தன் கொள்கையை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. கொள்கைக்காக நஷ்டப்படத் தயாராயிருப்பவனை நாமும் மதிக்கின்றோம். பிரிட்டனில், தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஸ்தாபனமொன்றில் எல்லோருக்கும் சமமாகச் செய்வதாக ஒப்புக்கொண்டு வேலைக்குச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர், பின்னால் ஒருபால் ஜோடிகளுக்கு மாத்திரம் சிலவகை ஆலோசனை சொல்ல மாட்டேன் என்றார். 2008-இல் வேலை போயிற்று. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய், 2013-இல் அங்கேயும் தோற்றது. அவருடைய மதத்தை யாரும் பறிக்கவில்லை. நாற்காலியும் எனக்கு வேண்டும், வருகிறவரில் பொறுக்கியெடுக்கும் பாத்தியதையும் எனக்கு வேண்டும் என்றதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைப் படித்துச் சந்தோஷப்படும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் நர்சுகளும் கம்பவுண்டர்களும் கிராமச் செவிலியரும் இருக்கின்றீர்கள். பாம்பு கடித்தவனை மந்திரக்காரனிடம் காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகின்றார்கள். உங்களுக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்கு முன்னால் மந்திரத்தின் புரட்டைப்பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்வீர்களானால், அந்தப் புருஷன் கையெழுத்துக் கேட்ட டாக்டருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? வைத்தியத்துக்கு இடைஞ்சலில்லாத வரையில் கிழவி நெற்றியில் திருநீறு இருந்துவிட்டுப் போகட்டும். இடைஞ்சலானால் காரணத்தைச் சொல்லித் துடையுங்கள். திட்டி அனுப்பினால், அடுத்த தடவை அவள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது உங்களிடம் வரமாட்டாள். கோயில் பூசாரியிடந்தான் போவாள். புரட்டைப்பற்றிப் பேசுவதற்கு மேடை இருக்கின்றது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கின்றது.

மற்ற தோழர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் வீட்டுப் பெண்ணையோ அண்டை வீட்டுப் பெண்ணையோ எவரேனும் மனச்சாட்சியின் பேரால் திருப்பி அனுப்பினால், சண்டைக்குப் போகாதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அனுப்புகின்றீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். தராவிட்டால், தேதியையும் நேரத்தையும் நீங்களே குறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் தலைவருக்கும் மாகாண மருத்துவக் கவுன்சிலுக்கும் மனு எழுதிப் போடுங்கள்.