குடியேறிய பிறகும் தொடரும் போர்

போர் நடக்கும் நாட்டிலிருந்து தப்பி வந்தவருக்குப் பாதுகாப்பான ஊரில் ஒரு வீடு கிடைத்துவிட்டால், அவருடைய துயரக் கணக்கு முடிந்தது என்று அரசுகள் கோப்பை மூடிவிடுகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் நகரில் குடியமர்த்தப்பட்ட கம்போடியர்களைப் பார்த்தால் அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது தெரியும். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர். உயிர் பிழைத்துத் தாய்லாந்து எல்லை முகாம்களுக்கு ஓடியவர்களில் பெருந்தொகையினரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து லாங் பீச்சில் அவர்களிடையே நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. 62 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு. 51 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் இங்கே பலிக்கவில்லை.

இந்த நோய் எப்போதும் அழுகையாகவோ புலம்பலாகவோ வெளிப்படுவதில்லை. கம்போடிய அகதிகளுக்குப் பல்லாண்டு சிகிச்சையளித்த மனநல மருத்துவர் டெவன் ஹிண்டன் அதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். படுத்திருந்தவர் சட்டென்று எழுகிறார், தலை சுற்றுகிறது. உடம்புக்குள் இருக்கும் காற்று மேலேறிக் கழுத்து நாளத்தை வெடிக்கச் செய்துவிடும் என்று பீதி பிடிக்கிறது. வீட்டார் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடுகிறார்கள். கழுத்தைப் பற்றிய அந்தப் பீதிக்குப் பின்னால், அரைப்பட்டினியோடு தோளில் மண் சுமந்த கட்டாய உழைப்பின் நினைவு இருக்கிறது. இதை அறியாத மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பட்ட கொடுமையே காரணம், குடியேறிய நாட்டை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கொடுமைதான் முதல் காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் அதே லாங் பீச் ஆய்வில் ஆங்கிலம் பேச வராதவர்கள், வேலையில்லாதவர்கள், வறுமையில் இருந்தவர்கள் ஆகியோரிடம் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. மொழி கற்று வேலை தேடும்வரை தாக்குப்பிடிக்க அமெரிக்கா 1980இல் 36 மாதம் வரை அளித்த உதவித்தொகைக் காலம், 1991க்குள் எட்டு மாதமாகச் சுருங்கிவிட்டது. வயலை விட்டால் வேறொன்றும் அறியாத ஒரு விவசாயக் குடும்பம் எட்டு மாதத்தில் புது மொழியில் பிழைத்துக்கொள்ளும் என்று எந்த அதிகாரி நம்பினாரோ தெரியவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனம் உடைந்தவரால் வேலைக்குப் போக முடியாது. அப்படியானால் வறுமை நோயின் விளைவுதானே, எப்படிக் காரணமாகும்? நியாயமான கேள்வி. வேலை விஷயத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்தான். விசா விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஆஸ்திரேலியா 1999இல் ஒரு விதி கொண்டுவந்தது. முறையான அனுமதியின்றி வந்தவர் உண்மையான அகதி என்று நிரூபணமானாலும் மூன்றாண்டுத் தற்காலிக விசாதான் கிடைக்கும் என்றது அந்த விதி. ஒருவருக்கு எந்த விசா என்பதை அவருடைய மனநிலை தீர்மானிக்கவில்லை; அவர் வந்த விதம் தீர்மானித்தது. சிட்னியில் வாழ்ந்த மண்டேயச் சமய அகதிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், தற்காலிக விசாவில் இருந்தவர்களின் மனநலம் மோசமாக இருந்தது. தடுப்பு முகாமில் நெடுநாள் அடைக்கப்பட்டவர்களுக்கு, விடுதலையாகிச் சராசரியாக மூன்றாண்டுகள் ஆன பிறகும் பாதிப்பு நீங்கவில்லை. இந்தக் காயத்தில் ஒரு பங்கை உண்டாக்கியது அடைக்கலம் கொடுத்த நாட்டின் சட்டம்தான். அதே சிட்னியில், நிலையான வாழ்வு பெற்ற வியட்நாமிய அகதிகளில் பெரும்பாலோர் பத்தாண்டுகளில் தேறிவிட்டார்கள். கம்போடியர்கள் பட்ட பாடும் இவர்கள் பட்ட பாடும் ஒன்றல்ல என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. மிகக் கொடுமையானவற்றை அனுபவித்த வியட்நாமியர்களுக்கு அப்போதும் ஆபத்து நீங்கியிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குத் தொடர் சிகிச்சை தேவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது காலூன்ற ஓர் இடம்.

சொந்த நாட்டு ஏழைகள் வரிசையில் நிற்கையில் வந்தேறிகளுக்குச் செலவழிப்பதா என்பவர்களுக்கு ஒரு பதில்: நிரந்தர உரிமை வழங்குவதற்குப் பெரிதாகப் பணம் தேவையில்லை.

இதை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம்கள் 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றன. அங்கேயே பிறந்து, படித்து, மணமுடித்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. இந்த மண்ணில் பிறந்தவர்களிலிருந்தாவது ஒன்றிய அரசு குடியுரிமை வழங்கத் தொடங்கட்டும்.